ஆசிட் ஊற்ற ஊற்ற டைல்ஸ் இடுக்கு இன்னும் சீக்கிரமாகக் கறுக்கிறது. ஏன்?

நீலவாளி

சமையலறையிலும் கூடத்திலும் வெளிர்நிற டைல்ஸ். பதித்து 8 ஆண்டுகள் ஆகின்றன. டைல்களைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை. என் கவலை முழுவதும் இரண்டு டைல்களுக்கு நடுவே ஓடும் அந்த 3 மில்லிமீட்டர் கோட்டைப் பற்றியது. பதித்த புதிதில் யானைத் தந்த நிறம். இப்போது அடுப்புக்கு முன்னால் கரித்துண்டால் கட்டம் போட்டதுபோல் இருக்கிறது.

சோம்பேறித்தனம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தினமும் துடைக்கிறேன். ஒரு மூடி போடச் சொன்ன திரவத்தை மூன்று மூடி ஊற்றித் துடைக்கிறேன். மாதத்துக்கு ஒருமுறை, கழிவறைக்கு வாங்கும் ஆசிட்டை இடுக்குகளில் ஊற்றித் தேய்ப்பேன். ஊற்றிய உடனே பொசுபொசுவென்று நுரைத்துக்கொண்டு வரும். கழுவினால் பளிச்சென்று வெள்ளை. ஆனால் ஆரம்பத்தில் ஒருமுறை ஆசிட் போட்டால் நான்கு மாதம் தாங்கியது. பிறகு இரண்டு மாதம். இப்போது பத்தே நாளில் கறுத்துவிடுகிறது. கறைக்கு ஆசிட் பழகிப்போய்விட்டதா? இதைவிடக் காட்டமாக ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

பளபள

காட்டம் போதவில்லை, அவ்வளவுதான். நான் இருபது ஆண்டுகளாக ஆசிட் மட்டுமே போடுகிறேன். ஊற்றியவுடன் கழுவாதீர்கள். ஐந்து நிமிடம் ஊறவிட்டு, கம்பி பிரஷ் எடுத்து அழுத்தித் தேயுங்கள். கை நோகாமல் தேய்த்தால் எதுவும் வெளுக்காது.

பாட்டிவைத்தியம்

ஆசிட் வேண்டவே வேண்டாம், தங்கையே. சமையல் சோடாவை இடுக்கில் தூவி, மேலே வினிகர் ஊற்றுங்கள். எரிமலை மாதிரி பொங்கும். பொங்குகிற வேகத்தில் அழுக்கைத் தானே வெளியே தள்ளிவிடும்.

சோதனைக்குழாய்

நீலவாளி, “ஊற்றிய உடனே நுரைத்துக்கொண்டு வரும்” என்று எழுதியிருக்கிறீர்கள். அழுக்கு கிளம்பி வருகிறது என்று நினைத்துத்தானே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்? நுரைப்பது அழுக்கு அல்ல. உங்கள் தரை.

இடுக்கில் அடைக்கும் கிரவுட் பெரும்பாலான வீடுகளில் சிமென்ட் கலவை. சிமென்ட் இறுகும்போது உள்ளே சுண்ணாம்பு உண்டாகிறது. அது காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சிறிது சிறிதாக வாங்கிக்கொண்டு கால்சியம் கார்பனேட் ஆகிறது. கழிவறை ஆசிட்டில் பல, ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது பட்டவுடன் கார்பனேட் கரைந்து, வாங்கி வைத்திருந்த கரியமில வாயுவைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. அந்த வாயுதான் நுரை. கிரவுட்டின் மேல்தோல் உரிந்து போகிறது. தோலோடு அழுக்கும் போகிறது. அடியிலிருந்து அழுக்குப் படாத சிமென்ட் எட்டிப் பார்க்கிறது. சட்டையில் கறை பட்டதற்குக் கறை பட்ட இடத்தைக் கத்தரித்து எடுத்த கதை.

மேல்தோல் போனபின் மிஞ்சுவது சொரசொரப்பான, துளை பெரிதான பரப்பு. அதில் அழுக்கு முன்னைவிட எளிதாக உட்காரும். இன்னொன்றும் உண்டு. இந்த வினையில் கால்சியம் குளோரைடு உண்டாகிறது. காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும் உப்பு அது. நன்றாகக் கழுவி எடுக்காவிட்டால் இடுக்கு எப்போதும் ஈரக்கசிவாகவே இருக்கும். ஈரத்தில் தூசி ஒட்டுவதைச் சொல்லவா வேண்டும்? நான்கு மாதம் இரண்டாகி, இரண்டு மாதம் பத்து நாளான கணக்கு இதுதான். கறை பழகவில்லை. கிரவுட் தேய்ந்துகொண்டே போகிறது.

பாட்டிவைத்தியம் அவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. சோடா காரம், வினிகர் அமிலம். இரண்டையும் ஒன்றாக ஊற்றினால் ஒன்றையொன்று முறித்துக்கொள்ளும். பொங்கி அடங்கியபின் இருப்பது சோடியம் அசிடேட் கலந்த தண்ணீர். பார்க்க அழகாக இருக்கும், வேலைக்கு ஆகாது. சோடாவை மட்டும் தண்ணீர் விட்டுக் குழைத்து பிரஷால் தேய்த்தால் ஓரளவு பயன் உண்டு. மென்மையாகச் சுரண்டும், மெல்லிய எண்ணெய்ப் பிசுக்கையும் எடுக்கும்.

பாட்டிவைத்தியம்

கோபம் இல்லை. ஆனால் வினிகர் சாப்பிடும் பொருள்தானே? அது போய்த் தரையைத் தின்றுவிடுமா?

சோதனைக்குழாய்

தின்னும், மெதுவாக. வீட்டு வினிகரில் அசிட்டிக் அமிலம் சுமார் 5 சதவீதம். எப்போதோ ஒருமுறை பட்டால் ஒன்றும் ஆகிவிடாது. வாரந்தோறும் ஊற்றிக்கொண்டிருந்தால் சிமென்ட் கிரவுட் மெல்ல மெல்லக் கரையும். தரை பளிங்குக் கல்லாக இருந்தால் அந்தச் சலுகையும் கிடையாது. பளிங்கே கால்சியம் கார்பனேட்தான். ஒரு சொட்டு சில நிமிடம் நின்றாலே மெருகு போய் மங்கல் வட்டம் விழும். அதைத் துடைத்து எடுக்க முடியாது, திரும்ப மெருகு போட்டால்தான் போகும்.

ரசமட்டம்

24 ஆண்டுகளாக டைல்ஸ் பதித்துக் கொண்டிருக்கிறேன். பதித்ததைவிட, பதித்ததைக் கெடுத்துக்கொண்ட வீடுகளுக்குப் போய்ப் பார்த்ததுதான் அதிகம். அம்மா, மருந்து கேட்பதற்கு முன் தரையைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.

கறுத்திருக்கும் இடத்தில் இடுக்கை நகத்தால் கீறிப் பாருங்கள். உறுதியாக இருக்கிறதா, மணலாக உதிர்கிறதா? அடுத்து, இடுக்கு நன்றாகக் காய்ந்திருக்கும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். முத்தாக நிற்கிறதா, உள்ளே போய் இடத்தைக் கருமையாக்குகிறதா? பிறகு ஒரு டைல் அளவு இடத்தில் வெறும் வெந்நீர் ஊற்றி, எந்தத் திரவமும் போடாமல் பிரஷால் தேயுங்கள். நுரை வருகிறதா என்று சொல்லுங்கள். நாணயத்தால் அந்தச் சுற்றுவட்டார டைல்களைத் தட்டி, எதிலாவது பொள்ளல் சத்தம் வருகிறதா என்றும் கேளுங்கள்.

கடைசியாக, டைல்ஸ் போட்ட நாளிலிருந்து நகர்த்தாத அலமாரி ஏதாவது இருந்தால் நகர்த்தி, அடியில் இருக்கும் இடுக்கைப் பாருங்கள். இது முக்கியம்.

பளபள

ஒரு கோடு கறுத்ததற்கு இத்தனை ஆராய்ச்சியா? கிரவுட் கரைந்தால் கரையட்டுமே. டைல் கரையாது. என் வீட்டுத் தரையில் முகம் பார்த்துத் தலை வாரலாம்.

ரசமட்டம்

ஐயா, மெருகெண்ணெய் போட்ட மாதிரி மேலே கண்ணாடிப்பூச்சு இருக்கும் டைல் சட்டென்று கரையாதுதான். ஆனால் ஆசிட்டின் ஆவி சும்மா இருக்காது. கீழ்க் கதவுக்கீல், வடிகால் மூடி, குழாய் அடிப்பகுதி எல்லாம் துருப்பிடித்திருக்கிறதா என்று ஒருமுறை குனிந்து பாருங்கள். கம்பி பிரஷ் வேறு போடுகிறீர்கள். உடைந்த கம்பித் துணுக்கு இடுக்கில் தங்கித் துருவேறினால், கறுப்புப் போய்க் காவியாகும். நைலான் பிரஷ் போதும். முழங்காலிட்டுத் தேய்க்க முடியாதவர்களுக்கு, நீளக் கைப்பிடியில் குறுகலாகத் தலை வைத்த பிரஷ் இருக்கிறது.

நீலவாளி

ரசமட்டம் அண்ணா, சொன்னபடி எல்லாம் செய்தேன். எழுதவே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

அடுப்புக்கு முன்னால் நகம் வைத்துக் கீறினேன். ஈரச் சர்க்கரை மாதிரி உதிர்ந்து நகக்கண்ணில் ஏறியது. சொட்டுத் தண்ணீர் எண்ணி முடிப்பதற்குள் காணாமல் போய்விட்டது. ஐந்து நிமிடமெல்லாம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. தட்டிப் பார்த்ததில் எல்லா டைலும் ஒரே மாதிரி கனமான சத்தம்தான்.

நுரைதான் அதிர்ச்சி. வெறும் வெந்நீர், ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ். துணி துவைத்ததுபோல் வெள்ளை நுரை! நேற்று ஒன்றுமே போட்டுத் துடைக்கவில்லை. அத்தனையும் பழைய திரவம்.

பிறகு அலமாரி. இரண்டு பேராகச் சேர்ந்து நகர்த்தினோம். 8 ஆண்டுத் தூசியைப் பெருக்கித் தள்ளிவிட்டு ஈரத்துணியால் ஒரே ஒரு இழுப்பு. அடியில் தந்த நிறம், அப்படியே, டைல்ஸ் போட்ட அன்று பார்த்த அதே நிறம். விரலை ஓட்டினால் இடுக்கு டைலோடு ஏறக்குறையச் சமமாக இருக்கிறது. அடுப்புக்கு முன்னால் அதே விரல் பள்ளத்தில் இறங்குகிறது. இந்த வீட்டில் நான் தொடாத இடம் ஒன்றே ஒன்று. அதுதான் சுத்தமாக இருக்கிறது.

ரசமட்டம்

அந்த அலமாரியைத்தான் எதிர்பார்த்தேன். எந்த வீட்டிலும் அது பொய் சொல்லாது.

இரண்டு சங்கதி நடந்திருக்கிறது. ஒன்று ஆசிட்; அதைச் சோதனைக்குழாய் சொல்லிவிட்டார். இரண்டாவது நீங்கள் துடைக்கும் விதம். இடுக்கு டைலைவிடப் பள்ளம். ஈர மாப்பை இழுக்கும்போது டைலின் விளிம்பு அதைப் பிழிகிறது. பிழிந்த அழுக்குத் தண்ணீர் நேராகப் பள்ளத்தில் இறங்குகிறது. டைல் தண்ணீரை வாங்காது, கிரவுட் வாங்கும். தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். அதில் மிதந்த மண்ணும் பிசுக்கும் உள்ளேயே தங்கிவிடும். தினமும் துடைத்தீர்கள் என்றால், தினமும் ஒரு பூச்சு பூசியிருக்கிறீர்கள் என்று பொருள்.

மூன்று மூடி சங்கதியும் அப்படித்தான். கூடுதல் திரவம் கூடுதல் சுத்தம் தராது. அலசி எடுக்காத சோப்பு காய்ந்து மெல்லிய பசையாக நிற்கும், நடக்கிற கால் தூசியெல்லாம் அதில் ஒட்டும். வெயில் சாய்வாக விழும்போது தரை மங்கலாகத் தெரிகிறதா? அதுவும் இதனால்தான்.

முதலில் அந்தப் பசையை எடுங்கள். திரவம் எதுவும் வேண்டாம். வெந்நீர், பிரஷ், வைப்பர், உலர்ந்த துணி. ஒருநாளில் ஒரு பங்கு என்று பிரித்துக்கொண்டு, நுரை நிற்கும்வரை. இது முடியாமல் அடுத்ததற்குப் போகாதீர்கள்.

சோதனைக்குழாய்

பசை போனபிறகு இடுக்குக்கு நான் சொல்வது சோடியம் பெர்கார்பனேட். துணிக்கறைக்கு ‘ஆக்சிஜன் பிளீச்’ என்று விற்கும் வெள்ளைத் தூள்; பாக்கெட்டில் உள்ள பொருள் பட்டியலைப் பார்த்து வாங்குங்கள். தண்ணீரில் போட்டால் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் சலவைச் சோடாவாகவும் பிரியும். முன்னது கறையின் நிறத்தை முறிக்கும், பின்னது எண்ணெயை அறுக்கும். காரத்தன்மை உள்ளதால் சிமென்ட்டோடு அதற்குச் சண்டை இல்லை.

ஒரு லிட்டர் வெந்நீருக்கு இரண்டு மேசைக்கரண்டி. கலக்கிய கையோடு இடுக்கில் ஊற்றுங்கள். ஆறிப்போனால் வேகம் குறைந்துவிடும். 15 நிமிடம் ஈரமாகவே வைத்திருங்கள். தேய்ப்பதைவிடக் காத்திருப்பதுதான் இங்கே வேலை. பிறகு நைலான் பிரஷ், பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசல். கரைந்த அழுக்கைத் துணியில் எடுத்துவிட வேண்டும். தரையிலேயே காயவிட்டால் வந்த வழியே திரும்பி இடுக்குக்குள் போய்விடும்.

கையுறை கட்டாயம், கண்ணில் தெறிக்கக் கூடாது. மிச்சக் கரைசலை மூடிபோட்ட பாட்டிலில் எடுத்து வைக்காதீர்கள். ஆக்சிஜன் வெளிவந்துகொண்டே இருக்கும். பாட்டில் வீங்கி வெடிக்கும். முதலில் யார் கண்ணிலும் படாத ஒரு மூலையில் போட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

வாடகைவீடு

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் சிக்கல் குளியலறை. சுவரும் தரையும் சேரும் மூலையில் கறுப்புப் புள்ளிகள். போன மாதம் ஆசிட் போட்டேன், போகவில்லை. பொறுமை இழந்து, கழுவாமலேயே மேலே பிளீச்சிங் பவுடரைத் தூவிவிட்டேன். கதவு சாத்தியிருந்தது. பச்சை மஞ்சளாக ஏதோ நெடி கிளம்பியது. கண் எரிந்து, நெஞ்சு அடைத்து, வெளியே ஓடி வந்து அரைமணி நேரம் இருமினேன். மருத்துவமனைக்கும் போக வேண்டியதாயிற்று. புள்ளிகள் இன்னும் அங்கேயே இருக்கின்றன.

சோதனைக்குழாய்

வாடகைவீடு, ஓடி வந்ததால் தப்பித்தீர்கள். அது குளோரின் வாயு. பிளீச்சில் உள்ள ஹைப்போகுளோரைட்டும் அமிலமும் சேர்ந்தால் வெளிவருவது. 1915 ஏப்ரலில் முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளை நோக்கித் திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு படியும். குனிந்து தேய்த்துக் கொண்டிருப்பவருக்குத்தான் முதலில் ஏறும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: பிளீச்சோடு ஆசிட் கூடாது, வினிகரும் கூடாது, அமோனியா கலந்த திரவமும் கூடாது. ‘நேற்று அது போட்டேன், இன்று இது’ என்பதும் நடுவே நன்றாகத் தண்ணீர் ஊற்றி அலசியிருந்தால் மட்டும்தான். நெடி கிளம்பிவிட்டால் அங்கேயே நின்று தண்ணீர் ஊற்றிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். வெளியே போய்விடுங்கள்.

ரசமட்டம்

புள்ளிகள் பூஞ்சை. மூலையில் இருப்பது சிமென்ட்டா, ரப்பர் மாதிரி அமுங்குகிறதா என்று அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் சிலிக்கான். சிலிக்கானுக்குள் பூஞ்சை வேர்விட்டால் எதைப் போட்டாலும் திரும்ப வரும். கத்தியால் அறுத்தெடுத்து, நன்றாகக் காயவிட்டு, புதிதாக வைப்பதுதான் வழி. வாடகை வீடு என்பதால் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சிமென்ட்டாக இருந்தால், நீர்த்த பிளீச் மட்டும், கதவு ஜன்னல் திறந்து வைத்து, பத்து நிமிடம், பிறகு அலசல். கறுப்புப் போகும். ஈரம் போகாவிட்டால் கறுப்புத் திரும்ப வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். குளித்து முடித்தவுடன் சுவரையும் தரையையும் வைப்பரால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு வாருங்கள். ஒரு நிமிட வேலை. நான் பார்த்தவரை எந்த மருந்தும் அந்த ஒரு நிமிடத்துக்கு ஈடாகவில்லை.

சொல்லப்போனால் சுவரும் தரையும் சேரும் மூலையில் சிமென்ட் கிரவுட் போடுவதே தவறு. இரண்டும் வேறு வேறு விதமாக விரியும், சுருங்கும். சிமென்ட் கிழியும், கிழிசல் வழியே தண்ணீர் இறங்கும். அங்கே சிலிக்கான்தான் இருக்க வேண்டும். அவசரத்தில் எங்கள் ஆட்கள் இதைச் செய்வதில்லை. எங்கள் பக்கத்துக் குறைதான்.

மூன்றாம்படி

எனக்கு நேர்மாறு. மாடிப்படி டைல்ஸ் இடுக்கில் வெள்ளையாக மாவு மாதிரி பூக்கிறது. ஈரத்துணியால் துடைத்தால் மறைகிறது, காய்ந்ததும் மறுபடி. கிரவுட் மட்டமானதா?

ரசமட்டம்

உப்புப் பூத்தல். கிரவுட்டைக் குறை சொல்லாதீர்கள். அடியில் எங்கோ தண்ணீர் இருக்கிறது. அது சிமென்ட்டில் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு மேலே வந்து, தான் மட்டும் ஆவியாகிப் போய்விடுகிறது. நீங்கள் ஈரத்துணியால் துடைக்கும்போது உப்பைத் திரும்பக் கரைத்து உள்ளே அனுப்புகிறீர்கள். காய்ந்த பிரஷால் உதிர்த்து, பெருக்கி அள்ளிவிடுங்கள். பதித்து ஓரிரு மாதமே ஆகியிருந்தால் தானாகக் குறையும். பழைய படி என்றால் பக்கத்தில் குழாய்க் கசிவோ, மழைநீர் தேங்கும் இடமோ இருக்கிறதா என்று தேடுங்கள். நீர் வரும் வழியை அடைக்காமல், இடுக்கில் நீர் ஊறாமல் தடுக்கும் சீலர் பூசினால் உப்பு அடியில் மாட்டிக்கொண்டு கிரவுட்டையே உடைக்கும்.

நெறியாளர்

நீராவி இயந்திரம் நல்லதா கெட்டதா என்று தொடங்கிய 31 பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றிவிட்டேன். அங்கே தாராளமாகச் சண்டை போடலாம். இங்கே நீலவாளியின் தரை.

நீலவாளி

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். நுரை நிற்க ஆறு நாள் பிடித்தது. ஆறாம் நாள் தரையில் வெறுங்காலோடு நடந்தபோதுதான் தெரிந்தது, இத்தனை நாள் பாதம் லேசாக ஒட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. பழகிப்போனதால் கவனிக்கவில்லை.

பிறகு கூடத்தில் ஜன்னலோரம் அரை மீட்டர் இடுக்கில் பெர்கார்பனேட் போட்டேன். ஊற்றியதும் சிறு சிறு குமிழ்கள், பக்கத்தில் காது வைத்தால் சன்னமாகச் சீறல். பத்தாவது நிமிடத்தில் தண்ணீர் நிறம் மாறத் தொடங்கி, பதினைந்தில் கலங்கிய பழுப்பு. துணியில் ஒற்றி எடுத்தேன். காய்ந்தபின் அலமாரிக்கு அடியில் பார்த்த நிறம் வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். முக்கால்வாசி வந்தது. அந்த ஒரு கோடு மட்டும் தனியாக வெளுத்துக் கிடந்ததால் மிச்சத்தையும் செய்யாமல் இருக்க முடியவில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் கூடம் முடிந்தது. முழங்காலுக்குத் தலையணை வைத்துக்கொள்ளுங்கள்.

அடுப்புக்கு முன்னால் மட்டும் தோல்வி. நிறம் வெளுத்தது, ஆனால் தேய்க்கத் தேய்க்க உதிர்கிறது. பள்ளத்தின் மேலேயே புதிதாகக் கொஞ்சம் வெள்ளைச் சிமென்ட் குழைத்துத் தடவிவிடட்டுமா?

ரசமட்டம்

தடவாதீர்கள் அம்மா. பழைய கிரவுட்டின் மேல் மெல்லியதாகப் பூசினது நிற்காது. சில மாதத்தில் ஏடு ஏடாகக் கிளம்பும். வெறும் வெள்ளைச் சிமென்ட் காயும்போது சுருங்கி விரிசல் விடும். உதிரும் இடத்தைச் சுரண்டி எடுத்து, கிரவுட் என்றே விற்பதை அடையுங்கள். டைல் தடிமனில் மூன்றில் இரண்டு பங்கு ஆழமாவது எடுக்க வேண்டும். கையால் இழுக்கும் கிரவுட் ரம்பம் இருக்கிறது. நேரம் பிடிக்கும், ஆனால் டைல் விளிம்பு தப்பிக்கும். இயந்திரம் வைத்தால் சீக்கிரம் முடியும். கை ஒருமுறை தவறினால் டைல் போச்சு. எப்படிச் செய்தாலும் முகக்கவசம் போடுங்கள். அந்தத் தூசியில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலுக்கு ஆகாது.

3 மில்லிமீட்டருக்குக் குறைந்த இடுக்கு என்றால் மணல் கலக்காத கிரவுட், அதற்கு மேல் மணல் கலந்தது. உங்களுடையது எல்லையில் நிற்கிறது. டைல் மெருகு அதிகம் என்றால் கீறல் விழாமல் இருக்க மணல் இல்லாததையே எடுங்கள். தண்ணீரை மட்டும் பையில் எழுதிய அளவுக்கு மேல் ஒரு சொட்டும் விடாதீர்கள். இளக்கமாக இருந்தால் தடவச் சுலபமாக இருக்கும், அந்த ஆசைதான் எல்லாரையும் கெடுக்கிறது. கூடுதல் தண்ணீர் ஆவியாகிப் போன இடமெல்லாம் துளை. துளையெல்லாம் அழுக்குக்கு வீடு. நிறமும் திட்டுத் திட்டாக வரும். குழைத்ததைப் பத்து நிமிடம் சும்மா வைத்து, இன்னொருமுறை கிளறி, ரப்பர்ப் பலகையால் இடுக்குக்குக் குறுக்காக அழுத்தி அடையுங்கள். சற்று இறுகியதும் நன்றாகப் பிழிந்த பஞ்சால் அதே குறுக்கு வாட்டத்தில் துடையுங்கள். இடுக்கோடு போகிற வாட்டத்தில் இழுத்தால் அடைத்ததைத் தோண்டி எடுத்துவிடும்.

எப்பாக்சி கிரவுட் என்று ஒன்று உண்டு. சிமென்ட்டே கிடையாது, பிசின். எண்ணெயை வாங்காது, சீலர் வேண்டாம், சமையலறைக்கு அதைவிட நல்லது இல்லை. ஆனால் குழைத்த கொஞ்ச நேரத்தில் இறுகத் தொடங்கிவிடும். டைல் மேல் ஒட்டியதை உடனே துடைக்காவிட்டால் பிறகு உளி எடுத்தாலும் வராது. முதல்முறை செய்பவர் தொட வேண்டாம் என்பது என் கருத்து.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அதே நிறம் வாங்கினாலும் புதிய பட்டை பழையதோடு ஒட்டாது. கண்ணுக்குத் தெரியும்.

நீலவாளி

தெரிகிறது. ஆனால் நாலு மீட்டர் நீளத்துக்குக் கரிக்கோடு தெரிந்ததைவிட இது பரவாயில்லை.

சுரண்டுவதற்கு இரண்டு மாலைகள், அடைப்பதற்கு ஒரு மணி நேரம். இரண்டு டைலின் விளிம்பில் சிறு சில்லு பெயர்ந்துவிட்டது. அது என் அவசரம். அடைத்த மறுநாள் டைல் முழுவதும் சாம்பல் பூசியதுபோல் மூட்டமாக இருந்ததைப் பார்த்துப் பயந்துவிட்டேன். காய்ந்த துணியால் தேய்த்ததில் முக்கால்வாசி போனது, மிச்சம் இரண்டு நாள் ஈரத்துணியில் போனது. சீலர் எப்போது பூசுவது?

ரசமட்டம்

கிரவுட் பையில் எழுதியிருக்கும். 3 நாளிலிருந்து 28 நாள் வரை பொருளுக்குப் பொருள் மாறும். இடுக்கு எலும்பாகக் காய்ந்திருக்க வேண்டும். உள்ளே ஊறும் வகை சீலர் வாங்குங்கள், மேலே படலமாக நிற்பது வேண்டாம். சின்ன பிரஷால் இடுக்கில் மட்டும் தடவி, டைலில் பட்டதைக் காயுமுன் துடைத்துவிடுங்கள். காய்ந்துவிட்டால் அதுவே ஒரு மங்கல். சீலர் பூசியதால் கறை படியவே படியாது என்று நினைத்துவிடாதீர்கள். சிந்தியதைத் துடைக்க அவகாசம் கொடுக்கும், அவ்வளவுதான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே சொட்டுத் தண்ணீர் சோதனை. உள்ளே போகத் தொடங்கினால் மறுபடி பூச்சு.

இனி துடைப்பது: முதலில் காய்ந்த தரையைப் பெருக்குங்கள், மண்ணோடு ஈரம் சேர்ந்தால்தான் சேறு. இரண்டு வாளி வையுங்கள், ஒன்றில் திரவம் கலந்த தண்ணீர், இன்னொன்றில் மாப்பை அலச. திரவம் அமிலமும் காரமும் இல்லாத நடுநிலை வகை, ஒரு மூடி என்றால் ஒரு மூடி. வாளியின் அடி தெரியாத அளவுக்குத் தண்ணீர் கலங்கினால் கொட்டிவிட்டு மாற்றுங்கள். பஞ்சு மாப்புக்குப் பதில் தட்டையான மைக்ரோஃபைபர் துணி. கடைசியில் ஒரு உலர்ந்த துடைப்பு.

நீலவாளி

வாளி ஒன்று சிவப்பில் வாங்கிவிட்டேன். பெயரை மாற்ற முடியுமா, நெறியாளரே?

பளபள

ஒரு விஷயம் கேட்க வேண்டும். இதற்காக யாரும் கொண்டாட வேண்டாம். நேற்று கையிலிருந்து ஒரு நாணயம் தரையில் விழுந்தது. உருண்டு போய் இடுக்கில் செங்குத்தாக நின்றுவிட்டது. குனிந்து பார்த்தால் கூடம் முழுக்க அதே ஆழம்தான். கதவுக்கீலையும் பார்த்தேன், அதைப் பற்றி எழுதப் போவதில்லை. கூடம் 20 சதுர மீட்டர், டைல் 600க்கு 600 மில்லிமீட்டர், இடுக்கு 3 மில்லிமீட்டர். எத்தனை கிலோ கிரவுட் வாங்க வேண்டும்?

ரசமட்டம்

ஐயா, டைல் தடிமன் 9 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்கிறேன். நீளத்தையும் அகலத்தையும் கூட்டினால் 1,200. இரண்டையும் பெருக்கினால் 3,60,000. முன்னதைப் பின்னதால் வகுத்து, தடிமனாலும் இடுக்கு அகலத்தாலும் பெருக்கி, கடைசியில் 1.6-ஆல் பெருக்குங்கள். சதுர மீட்டருக்கு சுமார் 0.14 கிலோ வரும். 20 சதுர மீட்டருக்கு 3 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. சேதாரம் சேர்த்து மூன்றரை வாங்குங்கள். எல்லாப் பையிலும் ஒரே தொகுதி எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் நிறம் மாறும். அந்தக் கம்பி பிரஷை யாருக்கும் இரவல் கொடுக்காதீர்கள்.